பாடும் ஓவியர்கள்: வங்கத்துப் பட்டுவாக் குடும்பங்கள்

படச்சுருள் தீட்டுவதும், அதை விரித்துக் காட்டிக் கதையைப் பாடுவதும் வங்கத்துப் பட்டுவாக்களின் குலத்தொழில். இவர்களில் பலருக்குச் சித்ரகார் என்பதே குடும்பப் பெயர். மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் பிங்களாவை அடுத்த நயா கிராமம் இன்று இவர்களது முக்கிய ஊர். ஓவியமும் பாட்டும் இக்குடும்பங்களில் ஒரே சொத்தாகக் கைமாறி வந்திருக்கின்றன.

படம் காட்டிப் பாடும் வழக்கம் மிகப் பழையது. கடைவீதியில் சிறுவர் சூழ, யமலோகப் படத்தை விரித்து விளக்கும் ஒருவரை 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் ஹர்ஷசரிதத்தில் காட்டுகிறார். விசாகதத்தரின் முத்ராராட்சசத்தில் ஓர் ஒற்றன் யமபடம் ஏந்திப் பாடுபவனாக வேடமிட்டு வருகிறான். பட்டுவாச் சுருள்கள் பலவும் இன்றும் யமனின் தீர்ப்போடு முடிகின்றன.

பட்டுவாக்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர். ஆனாலும் இராமாயணமும் கண்ணன் கதையும் நாகதேவதை மானசாவின் கதையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருபவை. பீர்கள் எனப்படும் சூஃபி ஞானிகளின் கதைகளுக்கும் சுருள்கள் உண்டு. பிரம்மவைவர்த்த புராணம் ஓவியரை விசுவகர்மாவின் ஒன்பது மக்களில் ஒருவராகச் சொல்கிறது. விதி மீறித் தீட்டியதால் அவர்கள் சாபத்துக்கு ஆளானதாகவும் கூறுகிறது. இரு சமயங்களுக்கும் நடுவே நின்ற இச்சமூகத்துக்கு இரண்டிலும் உரிய மதிப்பு கிடைக்கவில்லை.

சுருள் மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக அமையும். பாடுபவர் ஒவ்வொரு கட்டமாக அவிழ்த்து, விரலால் தொட்டுக் காட்டியபடி பாடுவார். மானசா சுருளில் பாம்பு தீண்டி இறந்த கணவன் லக்கிந்தரின் உடலோடு பெகுலா வாழைமரத் தெப்பத்தில் மிதந்து செல்வது ஒரு கட்டம். அதற்குரிய பாட்டடிகள் முடிந்த பிறகே அடுத்த கட்டம் அவிழும். பாட்டின் இறுதியில் பட்டுவா தன் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பார்.

வண்ணங்களும் வீட்டிலேயே தயாராகின. சங்குப்பூவிலிருந்து நீலம், மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள், அவரை இலையிலிருந்து பச்சை, விளக்குப் புகைக்கரியிலிருந்து கருப்பு. வில்வப்பழப் பசை அவற்றைத் தாளில் பிடித்து நிறுத்தியது. தாளின் பின்புறம் பழைய சேலைத் துணி ஒட்டப்பட்டது. ஆண்கள் ஊர் ஊராகச் சென்று பாடி, அரிசியும் காசும் பெற்றுத் திரும்பினர். அன்று விலை பாட்டுக்குத்தான்; சுருள் விற்பனைக்கு அல்ல. அது நைந்துபோனால் பாட்டை வைத்தே புதியதைத் தீட்டினார்கள்.

சந்தால் பழங்குடியினரின் குடியிருப்புகளில் இதே தொழில் வேறு வடிவம் கொண்டது. அங்கே ஓவியர் இறந்தவரின் உருவத்தைக் கருவிழி இல்லாமல் தீட்டிக்கொண்டு துக்க வீட்டுக்குப் போவார். காணிக்கை பெற்ற பிறகு விழியை எழுதிப் பார்வை தருவார்.

19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்த பட்டுவாக்கள் காளிகாட் கோவிலருகே யாத்திரிகர்களுக்காகத் தனித்தாள் படங்களை வேகமாகத் தீட்டி விற்றனர். அங்கே பாட்டு விடுபட்டது. மலிவான அச்சுப் படங்கள் வந்ததும் அந்தத் தொழிலும் நலிந்தது. நாட்டுப்புறத்துச் சுருள்களையும் பாடல்களையும் ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் தேடித் திரட்டினார். அவர் தொகுத்த பாடல்களைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 1939இல் ‘பட்டுவா சங்கீத்’ என்ற நூலாக வெளியிட்டது. வாய்வழியே மட்டும் வாழ்ந்த பாடல்களுக்கு இது பெரும் காப்பாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வானொலியும் திரைப்படமும் தொலைக்காட்சியும் பரவ, வாசலில் பாட்டுக் கேட்போர் குறைந்தனர். நகரத்தாரும் வெளிநாட்டாரும் சுருளையே வாங்கத் தொடங்கியதால் வருமானம் பாட்டிலிருந்து ஓவியத்துக்கு மாறியது. முன்பு உதவி வேலைகளில் இருந்த பெண்கள் பெயர்பெற்ற ஓவியர்களாகவும் பாடகர்களாகவும் உயர்ந்தனர். எய்ட்ஸ் விழிப்புணர்வு, 2001 நியூயார்க் தாக்குதல், தமிழகக் கரையையும் தாக்கிய 2004 சுனாமி ஆகியவை புதிய சுருள்களாயின. அவற்றுக்கும் பாட்டுக் கட்டினார்கள். 2010 முதல் நயாவில் ‘பட் மாயா’ திருவிழா நடக்கிறது. 2018இல் வங்காளப் படசித்திரம் புவிசார் குறியீடு பெற்றது.

சந்தை கேட்பது படத்தை மட்டுமே. ஆனால் கதையின் வரிசையையும் எந்தக் கட்டத்தில் யார் நிற்க வேண்டும் என்பதையும் பாட்டே சொல்லித்தருகிறது. அதனால்தான் சித்ரகார் குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தூரிகையோடு பாட்டையும் கற்றுக்கொடுத்து வருகின்றன.