பத்தாவது ரவுண்டு

போன ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன், கொரட்டூர். அவன் பையன் எட்டாவது படிக்கிறான், ஸ்கூல் செஸ் டீம்ல இருக்கான். சாப்பிட்டுக்கிட்டே ஒரு கேள்வி கேட்டான்.

"பெரியப்பா, கிரிக்கெட்ல கேப்டன் ஃபீல்டிங் மாத்துவாரு, பவுலரை மாத்துவாரு. செஸ்ல அவனவன் காயை அவனவன்தான் நகர்த்தணும். அப்புறம் எதுக்கு டீமுக்கு ஒரு கேப்டன்?"

"அதெல்லாம் ஒரு மரியாதைக்குடா"ன்னு சமாளிச்சுட்டேன். ஆனா கேள்வி விடல. கூடவே முப்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேல மறக்கப் பார்த்த ஒரு சமாச்சாரமும் ஞாபகம் வந்து தொலைச்சுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே :-)

முதல்ல எங்க ஏரியாவைப் பத்தி. அம்பத்தூர், ஆவடி பக்கம் எல்லாமே தொழிற்சாலை போட்ட ஊர். 1949-ல டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1961-ல ஆவடியில டாங்கி செய்யிற கனரக வாகனத் தொழிற்சாலை. அறுபதுகள்லயே தொழிற்பேட்டையும் வந்தாச்சு. எங்களுக்கு விளையாட்டுன்னாலும் ஃபாக்டரி வாசல்ல கத்துக்கிட்டதுதான். ஷிப்ட் முடிச்ச மாமாக்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்துல வாலிபால் ஆடுவாங்க. பந்து வெளிய போனா எடுத்துக் கொடுக்கிற வேலை எங்களுக்கு. அப்படியே ஆறு பேர்ல ஒரு ஆள் குறையுற அன்னிக்கு "டேய் தம்பி, நில்லுடா"ம்பாங்க. அதுதான் எங்க கோச்சிங் கேம்ப்.

செஸ்ஸெல்லாம் அப்போ எங்களுக்குத் தூரம். மெட்ராஸ்ல செஸ் இல்லாம இல்ல. இந்தியாவோட முதல் இண்டர்நேஷனல் மாஸ்டரே நம்ம மானுவல் ஆரோன்தான், 1961-ல. 1972-ல சோவியத் கலாச்சார மையத்துல அவர் முயற்சியில தால் செஸ் கிளப் வந்தது. சின்ன வயசு விஸ்வநாதன் ஆனந்த் அங்க ஆடி வளர்ந்து, 1988-ல நாட்டோட முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனா எங்க ஏரியாப் பையன் அங்க போகணும்னா மின்சார ரயில் ஏறி சிட்டிக்குப் போகணும், சாயங்காலம் கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும். ஷிப்ட் வேலைக்காரங்க வீட்டுல அந்த ஆளுக்கு எங்க போறது?

சரி, அந்தச் சமாச்சாரத்துக்கு வர்றேன். 1987. நான் பத்தாவது. ஸ்கூல் வாலிபால் டீம் கேப்டன் (சிரிக்காதீங்க, அப்போ ஒல்லியா இருந்தேன்). வட்டார அளவு போட்டி, செமி ஃபைனல், கடைசி செட். எங்க டீம்ல ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் இருந்தான். அதிகம் பேச மாட்டான். கையில பந்து வந்தா ரெண்டு தடவை தரையில தட்டிட்டுத்தான் சர்வீஸ் போடுவான். அன்னிக்கும் தட்டினான், போட்டான். பந்து நெட்டுல. சர்வீஸ் எதிர் டீமுக்குப் போச்சு, கொஞ்ச நேரத்துல மேட்சும் போச்சு.

திரும்பி வர்றப்போ பஸ் ஸ்டாப்புல, மொத்த டீமும் நிக்கிறப்போ, நான் அவனைப் பார்த்துக் கத்தினேன். "உன்னாலதான்டா தோத்தோம்." ஒருத்தனும் வாயைத் திறக்கல. பி.டி. வாத்தியாரும் ஒண்ணும் சொல்லல. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அடுத்த நாள் மைதானத்துக்கு வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல.

இதுல ஒரு விஷயத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அதே செட்ல நானும் ரெண்டு சர்வீஸ் நெட்டுல அடிச்சிருந்தேன். கேப்டன்ங்கிறதால யாரும் கேக்கல.

இப்போ செஸ்ஸுக்கு வருவோம்.

எங்க காலத்துல கிளப் தேடி சிட்டிக்குப் போகணும்னு சொன்னேனே, அது பின்னாடி மாறிப்போச்சு. ஸ்கூலே செஸ் கிளப் ஆச்சு. கோச் ஸ்கூலுக்கே வந்தார். பாடிப் பக்கத்துப் பையன் பிரக்ஞானந்தா, அக்கா வைஷாலியைப் பார்த்துச் செஸ் கத்துக்கிட்டவன். டிவி பார்க்கிறதைக் குறைக்கணும்னுதான் வீட்டுல அக்காவை முதல்ல செஸ்ல சேர்த்துவிட்டாங்க. இன்னொரு பையன் குகேஷ், ஏழு வயசுல, 2013-ல, ஸ்கூல் செஸ் வகுப்புல ஆரம்பிச்சவன். ரெண்டு பேரும் வேலம்மாள் குழுமத்துப் பள்ளிகள்ல படிச்சவங்க. முகப்பேர், மேல் அயனம்பாக்கம் எல்லாம் நம்ம அம்பத்தூருக்குக் கூப்பிடு தூரம். பிரக்ஞானந்தா 2018 ஜூன்ல கிராண்ட்மாஸ்டர், குகேஷ் 2019 ஜனவரியில. ரெண்டு பேருக்குமே அப்போ வயசு 12. 2025 ஆகஸ்டுல அமெரிக்காவுல வர்ஜீனியாவுல நடந்த உலகப் பள்ளி அணிகள் செஸ்லயும் வேலம்மாள் டீம்தான் தங்கம்.

இதெல்லாம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. நான் சொல்ல வந்தது 2022 ஆகஸ்ட் 8-ந் தேதி நடந்த கதை.

அந்த வருஷ ஒலிம்பியாட் ரஷ்யாவுல நடக்க வேண்டியது. உக்ரைன் போர் வந்ததால இடம் மாறி மாமல்லபுரத்துக்கு வந்தது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடிச்சாங்க, வேட்டி கட்டின குதிரைக்குத் 'தம்பி'ன்னு பேர் வச்சாங்க, ஞாபகம் இருக்கா? போட்டி நடத்துற நாடுங்கிறதால இந்தியாவுக்கு ஒண்ணுக்கு மேல டீம். ரெண்டாவது டீம்ல குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சாத்வானி. அதிபனைத் தவிர எல்லாரும் 16, 18 வயசு. தரவரிசைப்படி அந்த டீம் 11-வது இடம். கேப்டன் ஆர்.பி.ரமேஷ், கிராண்ட்மாஸ்டர். சொந்த ஆட்டத்தை விட்டுட்டு, பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதையே வாழ்க்கையா எடுத்துக்கிட்டவர். பிரக்ஞானந்தாவோட கோச்சும் அவர்தான்.

செஸ் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டீமுக்கு அஞ்சு பேர். ஒரு மேட்சுக்கு நாலு பேர் நாலு போர்டுல ஆடுவாங்க, ஒருத்தர் வெளிய. ஜெயிச்சா 1, டிரா அரை. நாலு போர்டும் சேர்த்து யாருக்கு அதிகமோ மேட்ச் அவங்களுக்கு. கேப்டன் ஆட மாட்டார். இன்னிக்கு யார் ஆடணும், யார் உக்காரணும்னு முடிவு பண்றது அவர் வேலை. ஆட்டம் நடக்கிறப்போ போர்டுல இருக்கிற நிலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. "டிரா கேக்கலாமா?"ன்னா "கேளு", "வேணாம்"னு சொல்லலாம், அவ்வளவுதான்.

குகேஷ் முதல் 8 ரவுண்டும் ஜெயிச்சான். எட்டாவதுல அமெரிக்காவோட ஃபேபியானோ கருவானாவையே சாய்ச்சான், மேட்சும் 3-1னு நமக்கு. ஒன்பதாவதுல அஜர்பைஜான். அன்னிக்கு நாம பின்தங்கி இருந்தப்போ பிரக்ஞானந்தா தன் போர்டுல ஜெயிச்சு 2-2 ஆக்கினான்.

பத்தாவது ரவுண்டு உஸ்பெகிஸ்தான். அதுவும் சின்னப் பசங்க டீம்தான். பிரக்ஞானந்தா சிந்தாரோவை ஜெயிச்சான். ரெண்டு போர்டு டிரா. முதல் போர்டுல குகேஷ், எதிர்ல அப்துசத்தோரோவ். கணக்குப் போட்டுப் பாருங்க. குகேஷ் டிரா பண்ணினாலே மேட்ச் நமக்கு, தங்கமே எட்டுற தூரம். அவனோ ஒரு கட்டத்துல ஜெயிக்கிற நிலையிலயே இருந்தான். கடிகாரத்துல நேரம் கரைஞ்சுபோச்சு, தப்பு நடந்துபோச்சு, தோத்துட்டான். மேட்ச் 2-2. தலையை ரெண்டு கையிலயும் புதைச்சுக்கிட்டு அவன் போர்டு முன்னாடியே உக்காந்திருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க.

அந்தப் படத்தைப் பார்த்தப்போ எனக்குக் குகேஷ் தெரியல. 1987-ல பஸ் ஸ்டாப்புல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்ன பையன்தான் தெரிஞ்சான்.

அடுத்த நாளே கடைசி ரவுண்டு, ஜெர்மனி. வெளிய ஒருத்தரை உக்கார வைக்கணும். முந்தின நாள் அப்படித் தோத்த 16 வயசுப் பையனை "நீ இன்னிக்கு ஓய்வெடு"ன்னு சொல்லியிருந்தா யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. ரமேஷ் சார் அப்படிச் செய்யல. குகேஷ் மறுபடியும் முதல் போர்டு. வெளிய உக்காந்தது டீம்லயே மூத்தவரான அதிபன். குகேஷ், வின்சென்ட் கெய்மர்கூட டிரா. பிரக்ஞானந்தாவும் டிரா. நிஹாலும் ரௌனக்கும் ஜெயிச்சாங்க. 3-1, வெண்கலம். குகேஷுக்கு முதல் போர்டுல 11-க்கு 9, தனிநபர் தங்கம். மறுநாள் பிரக்ஞானந்தாவுக்குப் பிறந்தநாள், 17 முடிஞ்சது.

அவங்க ரூமுக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்கன்னு நான் கதை விடப் போறதில்ல. ஆனா போர்டு வரிசை எல்லாரும் பார்க்கிற காகிதம். முதல் போர்டுல அவன் பேர் இருந்தது. ஒரு கேப்டன் தோத்த பையன்கிட்ட சொல்லக் கூடிய எல்லாமே அதுல இருந்ததா எனக்குப் படுது.

கதை இதோட முடியல. ரெண்டு வருஷம் கழிச்சு, 2024 செப்டம்பர், புடாபெஸ்ட் ஒலிம்பியாட். இப்போ குகேஷ், பிரக்ஞானந்தா ரெண்டு பேருமே இந்தியாவோட முதல் டீம்ல. கூட அர்ஜுன், விதித், ஹரிகிருஷ்ணா. கேப்டன் ஸ்ரீநாத் நாராயணன், அவரும் நம்ம தமிழ்நாடுதான். மறுபடியும் பத்தாவது ரவுண்டு. எதிர்ல அமெரிக்கா. இந்தத் தடவை பிரக்ஞானந்தா வெஸ்லி சோகிட்ட தோத்துட்டான். முதல் போர்டுல குகேஷ் கருவானாவை ஜெயிச்சான், அர்ஜுனும் ஜெயிச்சான், விதித் டிரா. 2.5-1.5. கிட்டத்தட்ட தங்கம் கையில.

மாமல்லபுரத்துப் பத்தாவது ரவுண்டுல ஒருத்தன் விழுந்தான், இன்னொருத்தன் ஜெயிச்சு வச்சிருந்தான். புடாபெஸ்ட்ல அது அப்படியே திரும்பிடுச்சு. யாரும் திட்டம் போட்டு நடந்ததில்ல, ஆனா டீம்னா இதுதான்னு எனக்குத் தோணுச்சு. இன்னிக்கு நான் நெட்டுல அடிப்பேன், நீ பார்த்துக்க. நாளைக்கு நீ அடிப்ப, நான் இருக்கேன். கடைசி ரவுண்டுல ஸ்லோவேனியாவை 3.5-0.5னு ஜெயிச்சாங்க, அன்னிக்குப் பிரக்ஞானந்தாவும் ஜெயிச்சான். ஒலிம்பியாட்ல இந்தியாவுக்கு முதல் தங்கம். அதே நாள் பெண்கள் டீமும் தங்கம், அதுல அக்கா வைஷாலி. பாடிப் பக்கத்து ஒரே வீட்டுக்கு ரெண்டு தங்கம்!

மூணு மாசம் கழிச்சு, 2024 டிசம்பர் 12-ந் தேதி, சிங்கப்பூர்ல டிங் லிரெனை 7.5-6.5னு ஜெயிச்சு குகேஷ் உலக சாம்பியன் ஆனது ஊருக்கே தெரியும். அதுல அவன் முதல் ஆட்டமே தோத்தான். 11-வது ஜெயிச்சு முன்னாடி போயிட்டு, 12-வது மறுபடி தோத்தான். தோத்த அடுத்த ஆட்டத்துக்கு வந்து உக்கார்ற பழக்கம் மாமல்லபுரத்துலயே வந்திருக்குமோன்னு நினைச்சுக்கிட்டேன். இது என் ஊகம்தான், தப்பாவும் இருக்கலாம். அடுத்த பிப்ரவரியில நெதர்லாந்து வைக் ஆன் ஸீல ரெண்டு பேரும் கடைசி ரவுண்டுல தோத்து, சமமா நின்னு, டைபிரேக்ல பிரக்ஞானந்தா குகேஷை ஜெயிச்சுக் கோப்பை வாங்கினான். அங்க டீம் கிடையாது, அதனால விட்டுக்கொடுக்கிற பேச்சும் கிடையாது :-)

தம்பி பையனுக்கு அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணினேன். "டேய், கேப்டன் எதுக்குன்னு கேட்டியே. எவனாவது தோத்துட்டு வருவான்ல, மறுநாள் அவன் பேரைப் போர்டு ஒண்ணுல எழுதுறதுக்கு."

"போன வாரம் நானே தோத்தேன் பெரியப்பா"ன்னான்.

"அப்புறம்?"

"அடுத்த ரவுண்டும் என்னைத்தான் ஆடச் சொன்னாங்க."

அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாவே தெரியல. எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரல.

அந்த ஒன்பதாவது பையன் இப்போ எங்க இருக்கான்னு தெரியாது. ஐம்பதைத் தாண்டியிருப்பான். பேர் போடல, அவனுக்கு அது சங்கடமா இருக்கலாம். சர்வீஸுக்கு முன்னாடி பந்தை ரெண்டு தடவை தரையில தட்டுற பழக்கம் உனக்கு இருந்தது. நீ இதைப் படிச்சேன்னா, அன்னிக்கு உன்னால தோக்கலடா. நானும் ரெண்டு நெட்டுல அடிச்சேன். அதை நான் பஸ் ஸ்டாப்புலயே சொல்லியிருக்கணும்.

டிஸ்கி: உங்க ஸ்கூல் டீம்லயும் இப்படி ஒரு பஸ் ஸ்டாப் இருந்திருக்கும். கத்தினவரா, தலை குனிஞ்சவரா? எதுவா இருந்தாலும் பின்னூட்டத்துல எழுதுங்க. பேர் வேண்டாம்.