தாய்நாடு போய்வரும் வழி: யாழ்ப்பாண அமெரிக்க மிசனறிக் குடும்பங்களின் விடுப்புப் பயணம், 1816–1905

வவுனியா ஊடாக யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்த புகையிரதப் பாதை 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய தொண்ணூறு ஆண்டுகளாக, குடாநாட்டில் பணிசெய்த அமெரிக்க மிசனறிமார் பெரும்பாலும் கடல்வழியாகவே வந்து போனார்கள். காடும் காய்ச்சலும் குடிசனக் குறைவுமாக இருந்த அன்றைய வன்னி அவர்களுடைய வழியில் இருக்கவில்லை. அந்தப் பயணங்களில் தாய்நாட்டுக்குப் போய்வருவது எப்போது, எதற்காக, யாருக்கு வாய்த்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உரிய காலத்தில் கிடைக்கும் விடுப்பு என்ற ஒழுங்கு தொடக்கத்தில் கிடையாது. நோயும் சாவும் பிள்ளைகளின் படிப்புமே அவர்களைக் கப்பலேற்றின.

1815 ஒக்டோபர் 23இல் மசச்சூசெற்ஸின் நியூபரிபோர்ட்டிலிருந்து புறப்பட்ட ‘டிரையாட்’ கப்பல் 1816 மார்ச் 22இல் கொழும்பை அடைந்தது. ஐந்து மாதக் கடல். அதில் வந்த டானியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன் ஆகியோர் திரும்பிப் போகும் நாளைக் குறித்துக்கொண்டு வந்தவர்கள் அல்லர். வாரனும் ரிச்சர்ட்ஸும் நோயுற்றபோதுகூட அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. உடல் தேறட்டும் என்று நன்னம்பிக்கை முனைக்கே அனுப்பினார்கள். வாரன் 1818இல் அங்கேயே இறந்தார். ரிச்சர்ட்ஸ் திரும்பி வந்து 1822இல் தெல்லிப்பழையில் மறைந்தார்.

புறப்படத் தயங்குவதற்கு அரசியல் காரணமும் இருந்தது. 1820இல் அச்சுவேலைக்கென வந்திறங்கிய ஜேம்ஸ் கரெட்டைப் பதில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தங்க விடவில்லை. 1833 வரை அமெரிக்காவிலிருந்து புதியவர் எவரும் இந்த மிசனுக்கு வர முடியாது என்ற நிலை. ஒருவர் ஊருக்குப் போனால் அவருடைய இடம் வெறுமையாகவே கிடக்கும். மிசனறிமாரின் மன உறுதியைப் புகழ்ந்து எழுதுவோர் இந்தத் தடையைக் கணக்கில் எடுப்பது குறைவு. தங்கியவர்களில் சிலருக்கேனும் தங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

மிகுந்த விலை கொடுத்தவர்கள் பிள்ளைகளே. வைத்தியர் ஜோன் ஸ்கடரின் மகன் ஹென்றி மார்ட்டின் 1822இல் பண்டத்தரிப்பில் பிறந்தான். படிப்புக்காகச் சிறு வயதிலேயே அமெரிக்கா அனுப்பப்பட்டான். அவன் பிறந்த மண் பண்டத்தரிப்பு. பெற்றோர் ‘வீடு’ என்று சொன்ன நாட்டை அவன் அதுவரை கண்டதே இல்லை. அப்படியிருந்தும் 1844இல் அவன் தென்னிந்தியாவுக்கு மிசனறியாக வந்தான்; பின்னர் ஆர்க்காட்டு மிசனை நிறுவினான். தந்தை ஸ்கடரோ 1842 முதல் 1846 வரை அமெரிக்காவில் இருந்த காலத்தில் ஊரூராகச் சென்று சிறுவர் கூட்டங்களில் பேசினார். உடல்நலத்துக்காகப் போன பயணம் ஆள்திரட்டும் பயணமாகவும் மாறியது இந்தத் தலைமுறையில்தான். 1848இல் தாய்நாடு சென்ற டானியல் பூரும் அப்படியே மேடைகளில் யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசிவிட்டு 1850இல் திரும்பினார். 1855இல் மானிப்பாயில் வாந்திபேதிக்குப் பலியானார்.

1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்சிலோ 1833 சனவரியில் இறந்தார். கணவர் மைரன் வின்சிலோ தாயற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார். திரும்பி வந்து சென்னையில் குடியேறி, 1862இல் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். வேலை முடிந்த ஆறுதலோடு 1864இல் ஊருக்குப் புறப்பட்டவர் வழியில், நன்னம்பிக்கை முனையில், உயிர்விட்டார். ஜோன் ஸ்கடரும் 1855இல் அதே முனையில்தான் இறந்தார். வாரனோடு சேர்த்து மூன்று பேர், அந்த முனையிலேயே இறந்தவர்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய பின்னரே மாதக்கணக்கான பயணம் வாரக்கணக்காகச் சுருங்கியது.

தாய்நாட்டு வாழ்வையும் தமிழுக்கே பயன்படுத்தியவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்தவர், 1857இல் ஊர் சென்று 1862இல் மணமுடித்து மனைவி மார்கரெட்டுடன் மானிப்பாய்க்குத் திரும்பினார். 1873இல் குடும்பத்தோடு நிரந்தரமாகப் போன பின்பும் வூஸ்டர் நகரத்து வீட்டிலிருந்தபடி தமிழ் மருத்துவ நூல் பணியைத் தொடர்ந்தார். ‘கெமிஸ்தம்’ 1875இலும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் அச்சேறின. ‘தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர்’ என்ற பொருள்படும் வாசகமே அவருடைய கல்லறையில் இருக்கிறது. இதற்கு நேரெதிர் எலைசா அக்னியு. 1840இல் உடுவிலுக்கு வந்தவர், 1883இல் இறக்கும்வரை 43 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. மூன்று தலைமுறைப் பெண்கள் அவரிடம் படித்தார்கள்.

1905க்குப் பின் யாழ்ப்பாணத்தில் புகையிரதமேறிய குடும்பம் வவுனியாக் காட்டினூடே கொழும்புத் துறைமுகத்தை அடைய முடிந்தது. ஒரு தலைமுறையின் பிரிவு அடுத்த தலைமுறைக்கு வழக்கமான விடுப்பாயிற்று.

அதே பாதையில் போக்கு பின்னர் எதிர்த்திசையானது. போரினால் 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் நின்றது. யாழ்தேவி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது 2014 ஒக்டோபரில். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு ஊர் பார்க்க வந்தவர்கள் வவுனியாவில் இறங்கி வீதிவழியே வடக்கே போன காலமும் உண்டு. பெற்றோரின் ஊரை முதன்முறை காணும் அந்தப் பிள்ளைகளின் வாய்மொழியையும், ஹென்றி மார்ட்டின் போன்றோர் விட்டுச்சென்ற எழுத்துகளையும் ஒருசேர வைத்து ஆராயும் பணி வன்னி ஆய்வாளர்களுக்கு உரியது.