வந்தாறுமூலைக்குப் போகும் வீதி



கதிரவெளியால் போகும் ஏ15 வீதியில்தான் வந்தாறுமூலையும் இருக்கிறது. அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி, மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக, ஒரு மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில் தொடங்கியது. 1986இல் பல்கலைக்கழகமானது.

அந்த மத்திய பாடசாலைகள் எதற்காக வந்தன? 1940களில் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா, ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறிய கிராமத்துப் பிள்ளைகளை விடுதியில் தங்க வைத்து இலவசமாகப் படிப்பிக்கக் கொண்டுவந்தவை அவை. 1945இல் வந்த இலவசக் கல்வி, அந்தப் பாதையைப் பல்கலைக்கழகம் வரை திறந்தது. அதன் முதல் படி தரம் 6.

நாமோ சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதுதான் விழிக்கிறோம். தரம் 7இல் பின்னம் விளங்காத பிள்ளைக்கு உயர்தரக் கணிதப் பிரிவு தூரமாகிவிடும். இன்றிரவு பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறந்து பாருங்கள். விளங்காத பக்கத்தை மடித்துப் பாடசாலைக்கு அனுப்புங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.