காடா? கரடா? - புள்ளியில் மாட்டிய தமிழ்

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது பஸ் நேரம் காட்டும் ஒரு குட்டிப் பலகை. எங்க ஆயா வீடு ரமணாசிரமம் பக்கம். செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் யாரையாவது நேரம் கேட்பாங்க. அவங்களுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். சரி, தமிழிலேயே காட்டிடுவோம்னு கிளம்பினேன். சனி அங்கேதான் பிடிச்சது :-)

வாங்கினது 16 எழுத்து, 2 வரி எல்சிடி. அதன் மூளை ஹிட்டாச்சியின் எச்.டி.44780 வகை சிப். ஒரு எழுத்துக்கு 5 x 8 புள்ளிக் கட்டம். ஆங்கிலமும் ஜப்பானியக் கத்தகனாவும் உள்ளேயே இருக்கு. நாமா வரைஞ்சு சேர்க்க எட்டே எட்டு இடம்தான்.

மேல் வரியில் 'ரமணாசிரமம்'. கீழ் வரியில் '6.30 வரும்'. ர, ம, கால், சி, ம், வ, ரு... 'ண' மட்டும் 5 புள்ளி அகலத்தில் அடங்கவே இல்லை. ரெண்டு கட்டம் கேட்டுது. ஆக மொத்தம் ஒன்பது. ஒண்ணு அதிகம்!

இதுவே பழைய எழுத்தா இருந்தா இன்னும் கஷ்டம். அப்போ 'ணா'வுக்குத் தனி வடிவம். 1935-ல் பெரியார் 'குடி அரசு' இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஏத்துக்கிட்டதால்தான் 'ண' போட்டு பக்கத்தில் கால் போட முடியுது.

யோசிச்சுப் பார்த்து, 'ர'வையும் காலையும் ஒரே வடிவமாக்கிட்டேன். எட்டில் முடிஞ்சுது. பெரிய கண்டுபிடிப்புன்னு நினைச்சேன். பிறகுதான் தெரிஞ்சுது, ஓலைச்சுவடியில் நம்ம ஆளுங்க எப்பவோ செஞ்சதுதான் அது. அங்கேயும் காலும் 'ர'வும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் வைக்க மாட்டாங்க. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேத்திய உ.வே.சா. மாதிரியானவங்க இடம் பார்த்து, பொருள் பார்த்துத்தான் படிச்சாகணும்.

ஆயா கிட்ட காட்டினேன். "ரமணாசிரமம்னுதானே போட்டிருக்கு கண்ணு?"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியலை. உடனே க, டு ரெண்டையும் ஏத்தி, நடுவில் அந்தப் பொது வடிவத்தைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "இது காடா, கரடாடா?"ன்னு கேட்டாங்க.

அவ்வளவுதான். ஆசிரமத்தின் பெயரை அவங்க படிக்கலை, ஞாபகத்தில் இருந்து சொல்லியிருக்காங்க! தெரிஞ்ச ஊருக்கு உதவும் எழுத்து, தெரியாத ஊருக்குப் போறவங்களை நடுவழியில் இறக்கிவிட்டுடும்.

எண்பதுகளின் நாம்கோ வீடியோ கேம் எழுத்தைப் பார்த்துச் செஞ்ச 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' எழுத்துரு இன்னைக்கும் பிரபலம். 8 x 8 கட்டம், பார்க்க அவ்வளவு அழகு. கிரேக்கம் இருக்கு, ரஷ்ய எழுத்து இருக்கு, தமிழ் இல்லை. அதே எட்டுக்குள் தமிழைத் திணிக்கணும்னு இப்போ எனக்குத் தோணலை. உயரம் 16 கொடுத்து, 'ண'வுக்கு வேணுங்கிற அகலத்தையும் கொடுத்து, நானே வரைய ஆரம்பிச்சிருக்கேன்.

ஆயா அன்னைக்கே சொன்னாங்க: "புள்ளி பத்தலைன்னா கோலத்தைச் சுருக்கக் கூடாதுடா. இன்னும் நாலு புள்ளி வைக்கணும்."