முதிய நாயின் முனகல்

பல்லாண்டு வீட்டைக் காத்த நாய் முதுமையில் இரவிரவாக முனகும்போது, அதனை அடிப்போரும் தெருவில் விட்டுவிடுவோரும் நம்மிடையே உளர். அம்முனகல் பெரும்பாலும் பிடிவாதமன்று, வேதனையின் முறையீடு என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

மூட்டுவாதம், பல்நோவு, பார்வை அல்லது செவிப்புலன் குறைதல் என்பன இதற்குக் காரணமாகலாம். மூளைத் தளர்ச்சியுற்ற நாய் பகலில் உறங்கி, இரவில் திசை தெரியாது அலைந்து அழும். மென்மையான படுக்கை, மங்கலான இரவு விளக்கு, மாறாத உணவு நேரம், உறங்குமுன் வெளியே அழைத்துச் செல்லல் ஆகியன ஆறுதலளிக்கும். மனிதருக்கான இபுபுரூபனைக் கொடுத்தல் ஆகாது. அது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரையே பறிக்கக்கூடும்.

முனகல் திடீரெனத் தொடங்கின் கால்நடை வைத்தியரை நாடுவதே முறை. தடுப்பூசி ஏற்றப்படாத நாயின் குரல் மாறி, உமிழ்நீர் வடியுமாயின் விசர்நோய் என ஐயுற்று விலகியிருத்தல் அவசியமாகும்.