சதுரங்கம் ஆடிய பெட்டிகள்



இன்று கைப்பேசியைத் தட்டினால் அது நம்மோடு சதுரங்கம் ஆடுகிறது. "இதுல என்ன அதிசயம்?" என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கொஞ்சம் கேளுங்கள்.

1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் 'செஸ் சேலஞ்சர்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாம் காயை நகர்த்திவிட்டு, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். அது தன் பதிலைச் சிவப்பு எழுத்தில் காட்டும். அதன் காயையும் நாமேதான் நகர்த்த வேண்டும்! இன்னொரு வேடிக்கை: முதலில் வந்த பலகையில் எழுத்து இருக்க வேண்டிய வரிசையில் எண்ணும், எண் இருக்க வேண்டிய வரிசையில் எழுத்தும் மாறி அச்சாகியிருந்தன. பிறகு திருத்திக் கொண்டார்கள். தப்பு செய்யாமல் யார்தான் கற்றார்கள்?

முதல் பெட்டிக்கு ஒரே ஒரு ஆட்டத் தரம். 1978-ல் வந்த 'சேலஞ்சர் 10' பெட்டிக்குப் பத்துத் தரம். 1979-ல் வந்த 'சேலஞ்சர் 7' பெட்டிக்கு ஏழு. "பத்துக்குப் பிறகு ஏழா?" என்று திகைக்க வேண்டாம். பேரில் உள்ள எண் தரங்களின் எண்ணிக்கையே தவிர, பலத்தின் அளவு அல்ல.

தரம் என்றால் என்ன? யோசிக்கும் நேரம்தான். ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 வழி; கறுப்புக்கும் 20 வழி. ஆளுக்கு ஒரு நகர்த்தல் முடிவதற்குள்ளேயே 400 நிலை! ராணிக்கு 9, யானைக்கு 5, குதிரைக்கு 3 என்று மதிப்புப் போட்டு, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறது பெட்டி. ஆழமாகப் பார்க்க நேரம் கூடும். கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு இது தெரியாததா? அவசரமாய்க் கிள்ளினால் முற்றிய இலையும் கூடைக்குள் வந்துவிடும் அல்லவா!

1979-ல் நகர்த்தலை வாயால் சொல்லும் பெட்டியும் வந்தது. 1980-களில் காயைக் கட்டத்தில் வைத்து அழுத்தினாலே புரிந்துகொள்ளும் பலகைகள் வந்தன. ஜெர்மனியின் 'மெஃபிஸ்டோ' மரப்பலகைகளில் அழுத்தவும் வேண்டாம். காயின் அடியில் உள்ள காந்தமே சேதி சொல்லிவிடும். நமக்கு அருகே ஹாங்காங்கில் நோவாக், சைசிஸ் நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. 1980-ல் லண்டனில் நடந்த சிறு கணிப்பொறிகளின் உலகப் போட்டியில் செஸ் சேலஞ்சர் வென்றது. 1985-ல் ஆம்ஸ்டர்டாமில் மெஃபிஸ்டோ வென்றது. 1990-களில் வீட்டுக் கணினிகள் பெருகவே, இந்தப் பெட்டிகளின் மவுசு குறைந்தது. 1997-ல் 'டீப் புளூ' என்ற பெரிய கணினி உலக வீரர் காஸ்பரோவையே வீழ்த்தியது.

இத்தனை பெட்டிகளையும் ஒப்பிட்டால் ஒன்று புரிகிறது. பேசும் பெட்டி, அழுத்தும் பெட்டி, காந்தப் பெட்டி எல்லாம் நம்மைத் தோற்கடிக்கும், ஆனால் "ஏன் தோத்தே கண்ணு?" என்று கேட்காது.

1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான நம் தமிழர் விசுவநாதன் ஆனந்துக்கு, ஆறு வயதில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தது எந்தப் பெட்டி? பெற்ற தாய்! பிறகு சென்னை டால் சதுரங்க மன்றத்தில் மனிதர்களோடு ஆடி வளர்ந்தார்.

ஆகவே பெற்றோர்களே, வேலை முடிந்து களைத்துத்தான் வருகிறீர்கள், தெரியும். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் பிள்ளைக்கு எதிரே உட்காருங்கள். ஆடத் தெரியாதா? பிள்ளையையே சொல்லித்தரச் சொல்லுங்கள். மின்சாரம் வேண்டாம்; ஒரு அட்டைப் பலகையும் அரைமணி நேரமும் போதும்.