பர்கண்டியின் திராட்சைச் சரிவுகளில் மிதிவண்டிப் பயணம்

பிரான்சின் கிழக்குப் பகுதியில், டிஜோன் நகரின் தெற்கு விளிம்பில் தொடங்கி, போன் நகரத்தைக் கடந்து, சாந்தனே வரையிலும் அதற்குச் சற்று அப்பாலும் ஏறத்தாழ 50 கி.மீ. நீளத்துக்கு நீளும் குறுகிய சுண்ணாம்புச் சரிவு ‘கோட் தோர்’ எனப்படுகிறது. பர்கண்டி ஒயின்களுள் பெரும்புகழ் பெற்றவை விளையும் இச்சரிவு வடக்கே ‘கோட் த நுவி’ என்றும் தெற்கே ‘கோட் த போன்’ என்றும் இரு பகுதிகளாகப் பிரித்துப் பேசப்படுகிறது. இங்குள்ள தோட்டச் சாலைகளும் பழைய ஊர்களின் தெருக்களும் ஐரோப்பாவில் சாலை மிதிவண்டிப் பயணம் மேற்கொள்வோர் விரும்பிச் செல்லும் தடங்களாக விளங்குகின்றன. சரிவின் அகலம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை என்பதால், காரில் செல்பவர் அதன் வேறுபாடுகளை உணருமுன்பே அதைக் கடந்துவிடுகிறார். நடந்து செல்பவருக்கோ ஒரு நாளில் சில ஊர்களுக்கு மேல் வாய்ப்பதில்லை. இந்நிலத்தின் அமைப்பை உடலால் உணர்ந்து அறிவதற்கு மிதிவண்டியைவிடப் பொருத்தமான ஊர்தி இல்லை.

இதற்குக் காரணம் நிலத்தின் தரவரிசையிலேயே அடங்கியிருக்கிறது. பர்கண்டியில் திராட்சைத் தோட்டங்கள் ‘கிளிமா’ என்னும் சிறு நிலக்கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மண், சரிவின் கோணம், வெயில் படும் திசை, நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த சாகுபடி ஆகியவற்றால் தனித்தன்மை பெற்று, தனிப்பெயரும் எல்லையும் கொண்ட ஒவ்வொரு கூறும் ஒரு கிளிமா ஆகும். இச்சரிவில் 1,247 கிளிமாக்கள் உள்ளன. 2015-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. டிஜோனையும் போன் நகரத்தையும் இணைக்கும் டி-974 நெடுஞ்சாலையை ஒட்டிய சமவெளியில் பெரும்பாலும் வட்டாரப் பெயரில் விற்கப்படும் எளிய ஒயினுக்கான திராட்சை விளைகிறது. அங்கிருந்து மேற்கு நோக்கி மிதித்து ஏறினால், ஊரின் பெயரைத் தாங்கும் ஒயின்களின் நிலமும், அதற்கு மேல் ‘ப்ரமியே க்ரூ’ எனப்படும் உயர்தர நிலமும், சரிவின் நடுப்பகுதியில் ‘கிராண் க்ரூ’ எனப்படும் உச்சத் தர நிலமும் பொதுவாக அடுத்தடுத்து வருகின்றன. உச்சியில் மண் மெலிந்து குளிர் கூடும் இடத்தில் தரம் மீண்டும் இறங்கி, தோட்டம் காட்டில் முடிகிறது. மழைநீர் தேங்காமல் வடியுமளவு சாய்வும், சுண்ணாம்புக் கல்லோடு களிமண் கலந்த ஆழமற்ற மண்ணும், கிழக்கிலிருந்து வரும் காலை வெயிலும் நடுச்சரிவில்தான் ஒன்றுகூடுகின்றன. கியரை மாற்ற வேண்டிய இடமும் விலை உயரத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைவதை மிதிவண்டியில் செல்பவர் கால்வலியாலேயே அறிந்துகொள்கிறார்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் வூஜோ ஊரிலுள்ள ‘க்ளோ த வூஜோ’ ஆகும். ‘க்ளோ’ என்பது மதிலால் சூழப்பட்ட திராட்சைத் தோட்டத்தைக் குறிக்கும். 1098-ஆம் ஆண்டு சிட்டோவில் நிறுவப்பட்ட மடத்தின் துறவிகள், 12-ஆம் நூற்றாண்டிலிருந்து கொடையாகவும் விலைக்கும் பெற்ற நிலங்களை ஒன்றிணைத்து, ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ள இத்தோட்டத்தை உருவாக்கி மதில் எழுப்பினர். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடத்தின் சொத்துகள் அரசுடைமையாக்கப்பட்டு விற்கப்பட்டன. பின்னர் பாகப்பிரிவினையாலும் விற்பனையாலும் தோட்டம் துண்டு துண்டாகி, இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்களிடம் உள்ளது. முழுத் தோட்டமும் கிராண் க்ரூ என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தாலும், நெடுஞ்சாலையைத் தொட்டு நிற்கும் கீழ்ப்பகுதி ஈரம் தேங்கும் கனத்த மண்ணுடையது. தோட்டத்தினுள் நிற்கும் மாளிகையை ஒட்டிய மேற்பகுதியோ கல் மிகுந்து நீர் வடிவது. கீழ் மதிலிலிருந்து மேல்வாசல் வரை மெதுவாக மிதித்து ஏறுபவருக்கு, ஒரே பெயரில் வெளிவரும் புட்டிகள் ஏன் ஒன்றுபோல் சுவைப்பதில்லை என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. மேலே துறவிகள் காலத்து மரச் செக்குகள் இன்னும் காட்சிக்கு உள்ளன. திராட்சையைப் பிழியப் பயன்பட்ட அவற்றின் பெருமரங்களைக் காண்பதற்காகவே அங்கு இறங்கி நிற்கலாம்.

வரையறுக்கப்பட்ட தடங்களுள் பழமையானது, 1937-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதும் டிஜோனிலிருந்து சாந்தனே வரை ஏறத்தாழ 60 கி.மீ. நீள்வதுமான ‘ரூத் தே கிராண் க்ரூ’ என்னும் ஒயின் சாலை ஆகும். இது கார்களுக்கும் உரியது என்பதால், போன் நகரத்துக்குத் தெற்கே மிதிவண்டிகளுக்கென அமைந்த ‘வுவா தே வீஞ்’ என்னும் தடமே மிகுதியாக விரும்பப்படுகிறது. இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இத்தடம் பொம்மார், வோல்னே, மெர்சோ, புலிஞி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே ஆகிய ஊர்களின் வழியே, தோட்டக்காரர்களின் வேலைக்கெனப் போடப்பட்ட ஒடுக்கமான பாதைகளிலேயே சாந்தனேவை அடைகிறது. கொடிகள் மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்துக்கே வளர்க்கப்படுவதால், இருக்கையில் அமர்ந்திருப்பவரின் பார்வை வரிசைகளைத் தாண்டி அடுத்த ஊரின் தேவாலயக் கோபுரம் வரை தடையின்றிச் செல்கிறது. அதே காரணத்தால் கோடையில் நிழல் அரிது. தோட்டத்திலிருந்து பொறுக்கிய கற்களைச் சாந்து இன்றி அடுக்கி, தொழிலாளர் மழைக்கு ஒதுங்கக் கட்டிய ‘கபோத்’ என்னும் சிறு குடில்கள் ஆங்காங்கே நிற்கின்றன. கொடி வரிசையை இரு கால்களுக்கிடையே விட்டு மேலே ஊர்ந்து செல்லும் உயரமான டிராக்டர்கள் எதிரே வரும்போது ஒதுங்கி வழிவிடுவதே முறை, ஏனெனில் பாதை தோட்டக்காரர்களின் வேலைக்குரியது. மழைக்குப் பின் சக்கரங்களிலிருந்து உதிர்ந்த களிமண் வளைவுகளில் வழுக்கும் என்பதால் இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடிப்பது ஆபத்தானது.

ஊர்களுள் போன் நகரம் தனிச்சிறப்புடையது. பர்கண்டிக் கோமகனின் அமைச்சரான நிக்கோலா ரோலேனும் அவர் மனைவி கிகோன் த சலேனும் 1443-இல் ஏழை நோயாளிகளுக்கென நிறுவிய மருத்துவமனையின் பல வண்ண மெருகோட்டுக் கூரை நகரின் அடையாளமாக நிற்கிறது. அம்மருத்துவமனை அறக்கட்டளைக்குக் கொடையாக வந்த திராட்சைத் தோட்டங்களின் ஒயின் 1859 முதல் நவம்பர் மாத ஏலத்தில் விற்கப்படுகிறது.

சரிவின் மேல் விளிம்பைத் தாண்டினால் ‘ஓத் கோட்’ எனப்படும் மேட்டுநிலம் வருகிறது. காடும் மேய்ச்சல் நிலமும் சிறு தோட்டங்களும் கலந்த இப்பகுதியின் ஏற்றங்கள் நீளமானவை அல்ல, ஆயினும் அடுத்தடுத்து வருவதால் பயிற்சியுள்ளோரையும் களைக்கச் செய்பவை. 2024-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியின் ஏழாம் கட்டம், ஒவ்வொரு வீரரும் தனித்தனியே நேரத்துக்கு எதிராக ஓட்டும் முறையில், நுவி-சேன்-ஜோர்ஜிலிருந்து ஜெவ்ரே-ஷாம்பெர்த்தேன் வரை 25.3 கி.மீ. தொலைவுக்கு இந்த மேட்டின் வழியாகவே நடத்தப்பட்டது. பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனபூல் அதை 29 நிமிடங்களுக்குள் முடித்து, தடேய் பொகாச்சரை 12 விநாடி வேறுபாட்டில் வென்றார்.

ஏற்றத்தை விரும்பாதவர்களுக்குத் தெற்கே வேறொரு வழி உண்டு. கைவிடப்பட்ட ரயில் பாதையைத் திருத்தி ஜிவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே அமைக்கப்பட்ட ஏறத்தாழ 44 கி.மீ. நீளமுள்ள ‘பசும் வழி’ 1997-இல் திறக்கப்பட்டது. ரயிலுக்காகச் சமன் செய்யப்பட்ட தடம் ஆதலால் சிறுவரும் முதியோரும் எளிதில் மிதிக்கக்கூடிய இவ்வழி, 910-இல் நிறுவப்பட்ட புகழ்பெற்ற மடத்தின் எஞ்சிய கோபுரங்கள் நிற்கும் குளுனியில் முடிகிறது.

செப்டம்பரில் பெரும்பாலும் நடைபெறும் அறுவடையின்போது நிலம் மிக உயிர்ப்புடன் இருந்தாலும், தோட்டப் பாதைகள் வண்டிகளால் நிறைந்துவிடுவதால், அமைதியாக மிதிக்க விரும்புவோருக்கு மே, ஜூன் மாதங்களே ஏற்றவை. பிரெஞ்சுச் சட்டப்படி, லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் என்னும் மது வரம்பு மிதிவண்டி ஓட்டுவோரையும் கட்டுப்படுத்தும். எனவே நிலவறைகளில் ஒயினைச் சுவைத்துப் பார்ப்போர் அதை விழுங்காமல் உமிழ்ந்துவிடுவது நல்லது. டிஜோன், நுவி-சேன்-ஜோர்ஜ், போன், மெர்சோ, ஷாஞி ஆகிய ஊர்களில் நிற்கும் வட்டார ரயில்களில் மிதிவண்டியை ஏற்றிச் செல்லலாம் என்பதால், சரிவின் முழு நீளத்தையும் ஒரு திசையில் மிதித்துவிட்டு, புறப்பட்ட நகருக்கு ரயிலிலேயே திரும்ப முடியும்.